3 அடி 7 அங்குல ரேழிக்குள் ஒரு குடும்பம்: திருவல்லிக்கேணி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீடு திருவல்லிக்கேணியில் இருக்கிறது. பார்த்தசாரதி கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். இருபக்கமும் பக்கத்து வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு, தெருவிலிருந்து பின்பக்கம் வரை நீளமாகப் போகும் பழைய வீடு. தெருவை ஒட்டி நான்கடி ஆழத்தில் கம்பிக் கதவு போட்ட முன்பகுதி, அதில் ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருக்கும் திண்ணை, பிறகு வாசற்கதவு, அதைத் தாண்டினால் ரேழி என்னும் குறுகிய நடை, ரேழி முடிந்ததும் கூடம். முற்றத்துக்கு மேலே கண்ணாடித் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். கூரை மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல்லை நிமிர்த்தி அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது), தரை சிவப்புக் காவி.

ரேழியின் நீளம் 16 அடி, அகலம் 3 அடி 7 அங்குலம். அதாவது 109 செ.மீ. வீட்டுக்குள் வரவோ வெளியே போகவோ வேறு வழி கிடையாது.

இருப்பவர்கள் ஆறு பேர். எண்பதைத் தாண்டிய பெரியவர் வாக்கர் பிடித்து நடக்கிறார். அவருடைய மனைவி, மகன், மருமகள், கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போகும் பேத்தி, எட்டாம் வகுப்புப் பேரன். மருமகள் மாலையில் கூடத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறார். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த ரேழி வழியாகத்தான் வந்து போகிறார்கள்.

வீட்டு உள்ளமைப்பு வேலை செய்யும் எங்களிடம் அவர்கள் கேட்டது எளிமையானது: செருப்பு வைக்க ஒரு நல்ல அலமாரி, உட்கார ஒரு பெஞ்சு, பை மாட்டக் கொக்கிகள், ஒரு கண்ணாடி, முடிந்தால் மேலே ஒரு பரண். கேட்டபடியே எல்லாவற்றையும் செய்திருந்தால் ரேழி அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பெரியவர் அதில் நடந்திருக்க முடியாது.

ரேழியில் அன்று இருந்தவை

வாசற்கதவை ஒட்டி இடப்பக்கம் 14 அங்குல ஆழமுள்ள மரச் செருப்பு ஸ்டாண்டு. அதன் மேல் நாளிதழ்கள், குடை, கேபிள்காரர் ரசீது, சாவிகள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவர் செருப்பு மாட்டிக்கொள்வதற்கு. வலப்பக்கம் மின்சார மீட்டரும் மெயின் சுவிட்சும், அவற்றுக்குக் கீழே தள்ளுவண்டியில் இன்வெர்ட்டரும் பேட்டரியும். நடுவில் ஓர் அறைக் கதவு. பழைய இரட்டைக் கதவு அறைக்குள் திறக்கும். ஆனால் பின்னாளில் போட்ட கொசுவலைக் கதவு ரேழிப் பக்கம் திறக்கும். அதற்கு அப்பால் தினசரி காலண்டர், இரண்டு தண்ணீர் கேன்கள். இரவானால் இவற்றோடு ஸ்கூட்டரும் உள்ளே வந்துவிடும்.

பெரியவரின் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார்: "தம்பி, அலமாரி எல்லாம் அப்புறம் பார்க்கலாம். ராத்திரி இவருக்கு ஏதாவது ஒண்ணுன்னா எப்படித் தூக்கிண்டு போறது, அதைச் சொல்லுங்கோ."

அந்தக் கேள்விதான் இந்த வேலையின் அடித்தளம். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் ஏறக்குறைய இரண்டடி அகலம், ஆறடிக்கு மேல் நீளம். தூக்குகிறவர்கள் முன்னும் பின்னும்தான் நிற்பார்கள் என்றாலும் பக்கத்தில் கை வைத்துப் பிடிக்க ஒருவருக்காவது இடம் வேண்டும். ஸ்கூட்டர் நிற்கும்போது ரேழியில் மிஞ்சியது 40 செ.மீ. கூட இல்லை. பெட்ரோல் உள்ள வண்டி ஒரே வெளியேறும் வழியில் நிற்பது தனி ஆபத்து.

நெரிசல் எங்கே உண்டாகிறது

காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும், டியூஷன் தொடங்கும் நேரத்திலும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். குறுகிய இடத்தில் நெரிசல் வந்தால் எல்லோரும் அகலத்தைத்தான் குறை சொல்வார்கள். இங்கே நடந்தது வேறு. நடந்துபோகிறவர்கள் யாரும் யாரையும் மறிக்கவில்லை. ரேழியைக் கடக்க நான்கைந்து விநாடி போதும். மறித்தவர்கள் எல்லோரும் நின்றவர்கள். ஷூ லேஸ் கட்ட நின்ற பையன், சாவி தேட நின்ற அப்பா, காலண்டரில் ராகு காலம் பார்க்க நின்ற பெரியவர், கேனை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய கேன்காரர், நாற்காலிக்கு முன்னால் குனிந்து மாமனாரின் செருப்பைச் சரிசெய்த மருமகள்.

ஒருவர் நேராக நடக்கத் தோள் அகலமும் கொஞ்சம் அசைவும் சேர்த்து 60 செ.மீ. போதும். அதே ஆள் குனிந்து செருப்பு மாட்டினால், பின்பக்கம் ஒரு சுவரையும் தலை எதிர்ச்சுவரையும் தொடாத குறையாகப் போய்விடும். முதுகில் புத்தகப் பை வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் கேள்வியையே மாற்றிக்கொண்டோம். இந்த ரேழியில் எந்தச் சாமான் வைக்கலாம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இங்கே ஆட்கள் எதற்காக நிற்கிறார்கள், அந்த வேலையை வேறு எங்கே நகர்த்தலாம் என்று யோசித்தோம். ஒவ்வொரு சாமானும் ஓர் ஆளை நிற்கவைக்கும். கண்ணாடி நிற்கவைக்கும், கொக்கி நிற்கவைக்கும், பெஞ்சு உட்காரவே வைத்துவிடும். நிற்கவைக்கிற சாமானுக்கு ரேழியில் இடமில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். பிறகு எடுத்த முடிவுகளில் பாதி இந்த விதியிலிருந்து தானாக வந்தவை.

19 செ.மீ. என்ற கணக்கு

மறுபாதி ஒரு கழித்தல் கணக்கிலிருந்து வந்தது. சக்கர நாற்காலி நேராகப் போக 90 செ.மீ. தெளிவான வழி வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பெரியவர் இன்று வாக்கரில் இருக்கிறார். நாளை சக்கர நாற்காலி வரலாம். அதோடு, ஒருவர் நேராக நடக்க இன்னொருவர் சற்றே ஒருக்களித்து ஒதுங்கவும் இதே 90 செ.மீ. சரியாக இருக்கிறது. 109-இல் 90 போனால் 19. கைப்பிடி, கீல், விளிம்பு எல்லாம் சேர்த்து, இடுப்பு உயரம் வரைக்கும் எந்தச் சாமானும் 19 செ.மீட்டரைத் தாண்டக்கூடாது. அதுவும் ஒரே பக்கச் சுவரில்.

வீட்டில் இருந்த ஸ்டாண்டு 35 செ.மீ. ஆழம். அது நிற்கும் இடத்தில் வழி 74 செ.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. வாக்கர் அதில் நுழையும்; ஆனால் எதிரே ஆள் வந்தால் யாராவது பின்வாங்க வேண்டும். பின்வாங்குவது எப்போதும் பெரியவராகவே இருந்தார். இதைப் பார்த்தபிறகு அந்த 19 செ.மீட்டரில் ஒரு செ.மீ. கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மகனுக்கு இது நம்பமுடியாததாக இருந்தது. "19 செ.மீட்டரில் என்ன அலமாரி சார் வரும்? ஒரு ஷூவே 29 இருக்கே" என்றார். பேசிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது சுலபம். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, ஒரு பக்கம் 30 செ.மீ. ஆழத்துக்கும் அதை அடுத்து 18 செ.மீ. ஆழத்துக்கும் சுவரோடு ஒட்டி, நிஜ அலமாரி உயரத்துக்கு நிறுத்திவைத்தோம். சில நாள் அப்படியே புழங்கச் சொன்னோம். 30 செ.மீ. அட்டையின் மூலைகள் பையன் பை பட்டு நசுங்கிப்போயின. 18 செ.மீ. அட்டையில் கீறல் இல்லை. யாரும் அதன் எதிரில் தோளைத் திருப்பவும் இல்லை. அதற்கப்புறம் ஆழத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. குறுகிய நடை இருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பணம் கொடுப்பதற்கு முன் அட்டையை நிறுத்திப் பாருங்கள்.

சாமான் வருவதற்கு முன் வெளியே போனவை

ஸ்கூட்டர்தான் முதலில். தெருவில் விட வீட்டுக்காரர்களுக்கு மனமில்லை. அது நியாயமான கவலை. முன்பகுதியை அளந்து பார்த்தோம். நான்கடி ஆழம், வீட்டின் முழு முகப்பு அகலம். ஓட்டையாகிப்போன ஒரு வாஷிங் மெஷின், காய்ந்த பூந்தொட்டிகள், மிச்சமான டைல்ஸ் பெட்டிகள் இவைதான் அங்கே குடியிருந்தன. அவற்றை அகற்றியதும் திண்ணை இல்லாத பக்கத்தில் ஸ்கூட்டர் குறுக்காக நிற்க இடம் கிடைத்துவிட்டது. கம்பிக் கதவுக்குப் பூட்டு மாற்றினோம், வண்டி வழுக்காமல் ஏற இரும்புச் சாய்தளம் ஒன்று போட்டோம். மொத்த வேலையில் மிகக் குறைந்த செலவில் கிடைத்த மிகப் பெரிய பலன் இதுதான். ஹெல்மெட்டுகளும் ஸ்கூட்டருக்கு மேலே சுவரில் இரண்டு மரமுளைகளில் போய்விட்டன. ஒரு ஹெல்மெட் சுவரிலிருந்து 25 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், ரேழியில் அதை மாட்ட எந்த இடமும் கிடையாது.

அடுத்தது இன்வெர்ட்டர். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. அமிலம் நிறைந்தபின் 50 கிலோவுக்கு மேல் கனக்கும். இதை அழகான பெட்டிக்குள் மூடிவிடுங்கள் என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டம் இல்லாமல் அடைக்கக்கூடாது. அவ்வப்போது தண்ணீர் மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் வேண்டும். ஆகவே மூடும் யோசனையையே எடுக்கவில்லை. முற்றத்தை ஒட்டிய ஒரு மூலையில் திறந்த ஸ்டாண்டில் வைத்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு கம்பியை அங்கே இழுத்தோம். மெயின் சுவிட்சையும் எதையும் வைத்து மறைக்கவில்லை. பார்வைக்கு அவ்வளவு நன்றாக இருக்காது, உண்மைதான். இருட்டில் தடவினாலும் கை உடனே போய்ச் சேரவேண்டிய இடம் அது.

கொசுவலைக் கதவைக் கழற்றிவிட்டு நடுவில் காந்தம் வைத்து ஒட்டிக்கொள்ளும் வலைத்திரை போட்டோம். ரேழிக்குள் திறக்கும் இரண்டரை அடிக் கதவு ஒன்று போனதே, அகலத்தில் பாதிக்கு மேல் திரும்பப் பெற்றது போலத்தான்.

காலண்டர் கூடத்துக்குப் போனது. பெரியவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போகிறவன் நேரம் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவருடைய வழக்கம். கூடத்தின் வாயிலுக்குப் பக்கத்தில், அவர் நாற்காலியிலிருந்தே படிக்கும்படி மாட்டியபிறகு சரி என்றார். கேன்காரருக்கு முன்பகுதியில் ஒரு கடப்பைக் கல் மேடை கட்டினோம். கேனை அதன் மேல் இறக்குகிறார். உள்ளே கொண்டுபோவது மகன் வேலை. மேடை முழங்கால் உயரத்துக்கு மேலே இருப்பதால் 20 லிட்டர் கேனைத் தரையிலிருந்து தூக்கும் சிரமம் குறைகிறது.

செருப்பு மாட்டும் இடம்

பெஞ்சு கேட்டார்களே, அதற்குத் திண்ணை இருந்தது. வெளியே இருந்த அந்தத் திண்ணையில் இத்தனை வருடமாகப் பழைய பேப்பர் மூட்டைதான் இருந்தது. ஆனால் உயரம் இரண்டே கால் அடி. வயதானவர் உட்கார்ந்து எழ அது சரிவராது. திண்ணையின் ஒரு முனையில் இரண்டடி நீளத்தை மட்டும் 18 அங்குல உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டச் சொன்னோம். பக்கச் சுவரில் ஒன்றரை அங்குலக் குழாய்க் கைப்பிடி. பெரியவர் ரேழியை வெறுங்காலோடு கடந்து, வெளியே உட்கார்ந்து செருப்பு மாட்டி, கைப்பிடியைப் பிடித்து எழுந்து போகிறார். குனிந்து உதவுகிறவருக்கும் அங்கே தாராளமாக இடமுண்டு. ரேழியின் மிக நீண்ட நிறுத்தம் இப்படி வெளியே போனது.

மடக்கு இருக்கை போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வாக்கர் பிடிப்பவருக்கு மடங்கும் எதையும் நான் போடமாட்டேன். கொக்கி சரியாக விழுந்ததா என்று அவர் குனிந்து பார்க்கமாட்டார், நம்பி உட்கார்ந்துவிடுவார்.

தினமும் போடும் செருப்புகள் திண்ணைக்கு அடியில், ஆளுக்கு ஒரு ஜோடி. கம்பிக் கதவு இருப்பதால் தெருநாய் கவ்விக்கொண்டு போகும் பயமும் இல்லை. ஷூக்கள், விசேஷத்துக்குப் போடுபவை, மழைக்காலச் செருப்புகள் ஆகியவற்றுக்குத்தான் உள்ளே அலமாரி.

18 செ.மீ. அலமாரி

முன்பக்கம் கீழே கீல் வைத்து, மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தால் சாய்ந்து திறக்கும் மடல். ஷூக்கள் படுக்கையாக இல்லாமல், மூக்கு கீழே இருக்க நிமிர்ந்து நிற்கும். அதனால்தான் 29 செ.மீ. ஷூ 18 செ.மீ. ஆழத்துக்குள் அடங்குகிறது. திறக்கும் சில நொடிகள் மட்டும் மடல் வழியில் நீட்டும். ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய 20 செ.மீ. அகலம் என்று வைத்தால் 60 செ.மீ. மடலில் மூன்று ஜோடி. மேலும் கீழுமாக இரண்டு மடல் கொண்ட மூன்று பெட்டிகள்; ஆக 18 ஜோடி. கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ் இதில் நிற்காது. அந்த வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

சந்தையில் தயாராகக் கிடைக்கும் தகரம், பிளாஸ்டிக் அலமாரிகளும் இதே ஆழத்தில் உண்டு. தச்சரை வைத்துச் செய்ததற்குக் காரணம் சுவர்தான். இடப்பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுவானது, சுண்ணாம்புச் சாந்து பூசியது. அடியில் ஓதம் ஏறும் சுவர். அதன் மேல் பலகையை ஒட்டி வைத்தால் பின்னால் ஈரம் தங்கி, பூஞ்சையும் கரையானும் வரும். அதனால் பெட்டிகளின் பின்பலகையை 12 மி.மீ. உள்ளே தள்ளி அடித்தோம். சுவரில் நீளத்துக்கும் ஒரு தேக்கு ரீப்பர், அதாவது மெல்லிய மரச்சட்டம். பெட்டி அந்த ரீப்பரின் மேல் தொங்கும். சுவருக்கும் பலகைக்கும் இடையில் காற்று போகும், மொத்த ஆழமும் 18 செ.மீட்டரைத் தாண்டாது.

ரீப்பர் அடித்ததில் கொஞ்சம் பொறுமை தேவைப்பட்டது. சுண்ணாம்புப் பூச்சு ஓர் அங்குலத்துக்கு மேல் தடிமன். ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் அந்தப் பூச்சில் மட்டும் உட்கார்ந்தால் சில மாதங்களில் பொலபொலவென்று உதிர்ந்து வந்துவிடும். செங்கல்லுக்குள் போகும்வரை துளையிட்டு, நீளமான நைலான் பிளக்கும் 4 அங்குல ஸ்க்ரூவும் போட்டோம். அதிர்வு டிரில் பழைய பூச்சைத் தட்டுத்தட்டாகக் கழற்றிவிடும் என்பதால் சாதாரணச் சுழற்சியில் மெதுவாகத் துளைத்தோம்.

இந்தத் தொங்கும் முறைக்கு இன்னொரு காரணம் உண்டு. பெட்டியை இரண்டு பேர் தூக்கினால் ரீப்பரிலிருந்து கழன்று வந்துவிடும். பீரோ உள்ளே வரும் நாளிலும் வீட்டில் நல்லது கெட்டது நடக்கும் நாளிலும் ரேழி முழு 109 செ.மீட்டருக்குத் திரும்ப வேண்டும். பெரியவர் மனைவியின் முதல் கேள்விக்கு நாங்கள் கொடுத்த பதில் அது.

பெட்டிகள் தரையிலிருந்து 18 செ.மீ. மேலே நிற்கின்றன. துடைப்பம், மாப் போக வழி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் தண்ணீர் பார்த்த சென்னைக்காரர்களுக்குத் தரையில் கால் ஊன்றும் மரச்சாமானின் கதி தெரியும். இன்னொன்று சமையல் எரிவாயு சிலிண்டர். 14.2 கிலோ எரிவாயுவும் உருளையும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ. கொண்டுவருபவர் அதைச் சாய்த்து அடிவளையத்தில் உருட்டிக்கொண்டுதான் வருவார். எந்த அலமாரியாக இருந்தாலும் கீழ்ப்பாதி ஒருநாள் இடிபடும். அதனால் கீழ் மடல்களுக்கு 12 மி.மீ. பிளைவுட்டில் லேமினேட் ஒட்டினோம். மேல் மடல்களில் மட்டும் பிரம்புப் பின்னல். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடிய பெட்டிக்குள் தோல் செருப்பு பூத்துப்போகும். பின்னல் வழியாகக் காற்று போனால் அது வெகுவாகக் குறையும். நனைந்து வந்த ஷூவை நேரே உள்ளே வைக்கக்கூடாது. அதற்கு வெளியே துளையிட்ட ஸ்டீல் தட்டு ஒன்று வைத்திருக்கிறோம்.

பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது; தண்ணீரைத் தாங்கும் வகைக்கான இந்தியத் தர எண் அது. ஐ.எஸ். 303-இல் வரும் எம்.ஆர். வகை விலை குறைவு. அது காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஓதச் சுவருக்குப் பக்கத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம் என்றோம்.

மேல்பலகை

அலமாரியின் உயரத்தைத் தீர்மானிக்க நிறைய யோசித்தோம். 18 செ.மீ. இடைவெளியும் 35 செ.மீ. மடல் இரண்டும் சேர்ந்து 88 செ.மீ. வந்தது. கைப்பிடிக் கம்பிக்கு வழக்கமாகச் சொல்லும் உயரமும் ஏறக்குறைய அதுதான். எதிர்ச்சுவரில் தனியாக ஒரு கம்பி போட்டால் கூடுதலாக 8, 9 செ.மீ. போய்விடும். அலமாரியின் மேல்விளிம்பையே கைப்பிடியாக்கினால்?

தேக்குப் பலகையில் முன்விளிம்பை உருட்டிச் செதுக்கி, அடியில் விரல் நுழைய ஒரு காடி எடுத்தார் தச்சர். பெரியவரின் கையை வைத்துப் பார்த்து, விளிம்பின் தடிமனை இன்னும் கொஞ்சம் இழைத்துக் குறைத்தார். அவர் கை முழுதாக மூடியது. ஆறடி நீளத்துக்கு அது அவருக்குப் பிடிமானம். அது முடியும் இடத்திலிருந்து கூடம் வரை அதே உயரத்தில் அதே சுவரில் தேக்குக் கம்பி தொடர்கிறது. அந்தப் பகுதியில் அலமாரி இல்லை, ஆகவே இடமும் இருக்கிறது.

ஆனால் இடுப்பு உயரத்தில் ஒரு மட்டமான பலகை இருந்தால் வீட்டார் அதில் எதையாவது வைப்பார்கள். சாவி, பில், பால் கவர், டிபன் பை. பிறகு அது கைப்பிடியாக இருக்காது. வைக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை. வைக்கத் தேவையில்லாதபடி வேறு இடம் கொடுக்க வேண்டும். சாவிக்கு வாசற்கதவின் பக்கத்தில், மெயின் சுவிட்சுக்கு அப்பால், ஒரு சிறு கொக்கிப் பலகை. நடந்துகொண்டே மாட்டலாம், எடுக்கலாம். தபாலுக்குக் கம்பிக் கதவில் ஒரு பெட்டி. பைகள் எல்லாம் நடு அறைக்குள், கதவுக்குப் பின்னால். முன்பு பை ரேழியில் கிடந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை; அறைக்குள் அதற்கென்று ஓர் ஆணி கூட இல்லை. மருமகள் மட்டும் மேல்பலகையில் ஒரு மணிபிளாண்ட் வைக்க ஆசைப்பட்டார். முற்றத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று கேட்டுக்கொண்டோம்.

அலமாரி வாசற்கதவிலிருந்து மூன்றடி தள்ளித்தான் தொடங்குகிறது. அந்த மூன்றடிக்குள் சுவரில் ஒரு மாடக்குழி இருக்கிறது. மாலையில் பாட்டி அங்கே விளக்கேற்றுவார். அதன் கீழே எதுவும் இருக்கக்கூடாது, பிரம்பு பக்கத்திலேயே வரக்கூடாது. முடிவதும் அறைக் கதவுக்கு ஓரடி முன்பே. மடல் திறந்திருக்கும்போது அறையிலிருந்து யாரும் வந்து முட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக.

கண்ணாடி, பரண், விளக்கு

கண்ணாடி ரேழியில் இல்லை. ரேழி கூடத்தோடு சேரும் இடத்தில், கூடத்துச் சுவரில் இருக்கிறது. தலைவாருகிறவர் அங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் யார் வழியும் அடைபடாது. வாசலுக்கு நேர் எதிரே வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதும் அதோடு ஒத்துப்போயிற்று.

பரண் வேண்டாம் என்று மகனைச் சம்மதிக்கவைக்கச் சற்று நேரம் பிடித்தது. உயரம் 11 அடி இருக்கிறதே, வீணாகிறதே என்பது அவர் வாதம். வாசல், ரேழி, முற்றம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால்தான் அந்த வீட்டில் மின்விசிறி இல்லாமலும் காற்று நகர்கிறது. சூடான காற்று மேலேதான் போகும். பரண் போட்டு அந்த வழியைத் தூர்க்கக்கூடாது. மெட்ராஸ் டெரஸ் கூரையின் பழைய உத்தரங்களில் புதிய எடையைத் தொங்கவிடவும் மனமில்லை.

நடுவில் இருந்த ஒற்றை ட்யூப்லைட்டை எடுத்துவிட்டு, 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் இரண்டு சுவர் விளக்குகள். ஆள் தலைக்கு மேலே, வலப்பக்கச் சுவரில், எதிர்ச்சுவரை நோக்கி. சுவர் வெளிச்சமானால் இடம் அகலமாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அலமாரிக்கு அடியில், கணுக்கால் உயரத்தில், அசைவைக் கண்டால் எரியும் ஒரு சிறு விளக்கு. இரவில் வாக்கரின் கால்கள் எங்கே ஊன்றுகின்றன என்று அதில் தெரிகிறது. இடச்சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். ஓதம் ஏறும் சுவரில் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பொரிந்துவிடும். தரையில் மிதியடி, கம்பளம் எதுவும் கிடையாது. கயிற்று மிதியடி கம்பிக் கதவருகே மட்டும்.

இன்னும் தீராதது

டியூஷன் பிள்ளைகளின் செருப்பு. முன்பகுதியில் சுவரோடு இரண்டு வரிசை இரும்புக் கம்பித் தட்டு அடித்திருக்கிறோம். பன்னிரண்டு ஜோடி பிடிக்கும். வெயில் நாளில் ஒழுங்காக நடக்கிறது. மழை நாளில் பிள்ளைகள் ஓடி வந்து வாசற்படிக்குள்ளேயே கழற்றிவிட்டுப் போகிறார்கள். குடைகளும் அங்கேயே சாய்கின்றன. முன்பகுதியின் கூரை தெருப்பக்கம் ஓரடி குறைவாக இருப்பதால் சாரல் அடிக்கிறது. அதை நீட்டினால்தான் பிள்ளைகள் வெளியே நின்று கழற்றுவார்கள். தெருவின் மேலே நீட்ட முடியாது என்பதால், கம்பிக் கதவுக்கு உட்புறம் சுருட்டி இறக்கும் கெட்டித்துணித் திரை ஒன்று போடப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வேறு வீடுகளுக்கு

அடுக்ககங்களில் படுக்கையறைகளுக்குப் போகும் நடை பெரும்பாலும் இதைவிடக் குறுகலாகவே வருகிறது. மூன்றடி, அதாவது 91 செ.மீ. மட்டும் இருந்தால் கழித்தல் கணக்கு ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். அங்கே இடுப்பு உயரத்துக்குள் எந்தச் சாமானும் வேண்டாம். ஆள் தலைக்கு மேலே, கதவுச் சட்டத்துக்கு மேல் உள்ள இடத்தை மட்டும் பார்க்கலாம், அதுவும் காற்றோட்டம் அதை நம்பி இல்லாத வீடாக இருந்தால். 108 செ.மீட்டரிலிருந்து, அதாவது ஏறக்குறைய 3 அடி 7 அங்குலத்திலிருந்து, நான்கடி வரை இருந்தால் இந்த 18 செ.மீ. அலமாரி பொருந்தும். அடுக்ககச் சுவர் நாலரை அங்குலச் செங்கல்லாகவோ உள்ளீடற்ற பிளாக்காகவோ இருக்கலாம். தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற பிளக் வாங்க வேண்டும். உள்ளீடற்ற பிளாக்கில் சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. அதற்கென்று சுவருக்குள் போனபின் விரியும் வகை தனியாக இருக்கிறது.

அளக்கும்போது சுவருக்குச் சுவர் ஓரிடத்தில் மட்டும் அளக்காதீர்கள். பழைய வீட்டில் சுவர் நேராக இருக்காது. இந்த ரேழி வாசலருகே 111 செ.மீ., நடுவில் 109, கூடத்துப் பக்கம் 110. கணக்குப் போட எடுத்துக்கொண்டது நடுவில் உள்ள 109-ஐத்தான். சுவரின் அடியில் தரையை ஒட்டிப் பதித்த ஸ்கர்ட்டிங் கல் சுவரைவிட நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். வாக்கரின் கால் முதலில் தட்டுவது அதில்தான்.